பின்விளக்கைப் பார்க்க ஓர் ஆள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல, ஒட்டுக்கேட்டது. கும்மிடிப்பூண்டியில் மாடியில் குடியிருக்கிறேன். கீழ்வீட்டில் சாலமோன், சிப்காட்டில் ஃபிட்டர். அவன் மனைவி ஹெலன். நேற்று சாயங்காலம் துணி எடுக்கப் போனவன், எடுத்த துணியோடு கைப்பிடிச் சுவரோரம் நின்றுவிட்டேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'அந்தி வெயிலில் அந்தச் சிவப்பு விளக்கு ஒரு—'

வேண்டாம். சாலமோன் படித்தால் சிரிப்பான்.

இரண்டாவது: சாலமோன் சனிக்கிழமை பைக்கில் ஷில்லாங் கிளம்புகிறான். போன வருஷப் பயணத்தில், பின்னால் கட்டிய மூட்டை சரிந்து விளக்கை மறைத்துவிட, நெல்லூர் தாண்டி ஒரு லாரி இடித்துவிட்டது. தோளில் தகடு வைத்தார்கள். இந்த முறை போகவே கூடாது என்றாள் ஹெலன். அவனோ, மூட்டை சரிந்தாலும் மறையாதபடி பக்கப் பெட்டிக்கு ஒன்றாக இரண்டு சிவப்பு எல்இடி பட்டை வாங்கிவந்து மாட்ட உட்கார்ந்தான். அன்றிலிருந்து நாலு நாளாக அவள் பேசுவதில்லை. சோறு மட்டும் நேரத்துக்கு வந்துவிடும்.

3

வயரெல்லாம் இணைத்து முடித்தவன் அவளைக் கூப்பிட்டான்.

[வருவாளா என்று எனக்கே சந்தேகம். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.]

"பிரேக்கு புடிக்கிறேன். எரியுதா பாத்து சொல்லு."

அவள் வண்டிக்குப் பின்னால் போய் நின்றாள். எனக்கோ கதை எழுதுகிறவனின் பேராசை. எரிகிறது என்றால் போய்விடுவான். எரியவில்லை என்று ஒரு பொய் சொன்னால் எல்லாவற்றையும் மறுபடி பிரிப்பான், எடுத்த லீவு அதிலேயே தீர்ந்துவிடும். அவன் உயிரே அவள் நாவில்— (இதை அடித்துவிடுங்கள். சினிமாத்தனம்.)

4 (அடிக்குறிப்பாகப் போட நினைத்தது)

இன்று காலை மெக்கானிக் மோசஸிடம் இதுவரை படித்துக் காட்டினேன். கதையை ஒரே போடாகப் போட்டார்.

"இதுக்கு எதுக்கு சார் ஆளு? செவுத்தாண்ட பின்பக்கமா நிறுத்திக்கினு பிரேக்க புடிச்சா செவுப்பு வெளிச்சம் செவுத்துல வுழும். கண்ணாடில பாத்துக்கலாம். சாலமோனுக்குத் தெரியாதா இன்னா?"

தெரியும். வண்டி நின்றதே காம்பவுண்டுச் சுவருக்கு முதுகு காட்டித்தான். நடுவில் நின்ற ஹெலனின் நைட்டியில் சிவப்பு விழுந்ததை நானே பார்த்தேன், எழுதாமல் விட்டேன். அப்படியென்றால் விளக்கு எரிவது அவனுக்கு முன்னமே தெரியும். நாலு நாளாகக் கேட்காத குரலை ஒரு வார்த்தையாவது கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறான், பாவி. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

5

முடிவு அ: "எரியுது" என்கிறாள். சனிக்கிழமை போகிறான்.

முடிவு ஆ: "எரியல" என்கிறாள். போகாதே என்கிறாள் என்று அவனுக்குப் புரிகிறது. கண்ணாடியில் அவளைப் பார்த்தபடியே சாவியைத் திருப்பி அணைத்து—

(எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. அதனால்தான் நம்ப முடியவில்லை.)

நடந்தது என்னவென்று தெரியாது. அந்த நேரம் பார்த்து என் குக்கர் விசில் அடித்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தால் வாசலில் வண்டி மட்டும் நிற்கிறது. இன்று வியாழன். நாளை மறுநாள் ஊருக்கே தெரிந்துவிடும். அதற்குள் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ஆனால் ஹெலனுக்கு வசனம் எழுத மனம் வரவில்லை.

அவளுக்குப் பதில் நீங்கள் வாருங்கள். சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்க இடம் இருக்கிறது. சாலமோன் பிரேக்கைப் பிடித்தபடி காத்திருக்கிறான். திரும்பிப் பார்க்க மாட்டான்.

"இன்னா ஹெலன், எரியுதா?"