தையல் திலகம் ஹரிகிருஷ்ணன்

செஞ்சி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஹரிகிருஷ்ணன்தான் கோட்டை நகர நற்பணி மன்றத்தின் தலைவர். மன்றத்தின் நற்பணி, ஆண்டுக்கொரு முறை முப்பது பேருக்குப் பட்டம் கொடுப்பது. வேறு நற்பணி எதையும் யாரும் பார்த்ததில்லை.

இந்த ஆண்டு சான்றிதழ் வேலை அனுவிடம் வந்தது. சிங்கவரம் காலனிப் பெண்; சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதுகிறாள். மன்றத்தில் ஒருவரை ஒருவர் நம்புவதில்லை என்பதால் பெயர்களை ஒருவர், ஊர்களை ஒருவர், பட்டங்களை ஒருவர் என்று மூன்று பட்டியல் போட்டிருந்தார்கள்.

"ஒரே லிஸ்ட்டா குடுங்க சார்."

"நீயே சேத்துக்கம்மா. கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

சேர்த்தாள். மூன்றிலும் முதல் வரியை எடுத்து ஒட்டினால் ஒரு சான்றிதழ். இரண்டாவது வரிகளை ஒட்டினால் அடுத்தது. முப்பதும் சரியாக வந்தன.

விழாவன்று காலை, தனக்கும் ஒரு பட்டம் இருக்கட்டும் என்று ஹரிகிருஷ்ணனுக்குத் தோன்றியது. பெயர்ப் பட்டியலின் உச்சியில் தன் பெயரைச் சேர்த்து அனுப்பினார்.

"மத்த ரெண்டு லிஸ்ட்டும் மாறணும் சார். இல்லன்னா வரிசை எறங்கிடும்," என்றாள் அனு.

"எனக்கே கிளாஸ் எடுக்காத. சொன்னத மட்டும் செய்."

அனுவுக்குச் சுருக்கென்றது. சொன்னதை மட்டும் செய்தாள்.

மாலை மேடையில் அறிவிப்பாளர் அச்சில் இருந்ததை அப்படியே முழங்கினார். "தையல் திலகம் ஹரிகிருஷ்ணன், சிங்கவரம் காலனி." அடுத்து, உண்மையான தையல் டீச்சர் சாமுண்டீஸ்வரி உழவர் செம்மல் ஆனாள். உழவர் பச்சைமுத்து கைத்தடி ஊன்றி ஏறிச் சிலம்பச் சிங்கம் பட்டம் வாங்கினார். முப்பத்தோராவது பெயருக்கு ஒட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. அது தலைவரின் மைத்துனர் சிவசங்கர். பட்டுச்சட்டையில் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். எல்லாருக்கும் ஒரே மாதிரி கைதட்டல் விழுந்தது.

விழா முடிந்ததும் ஹரிகிருஷ்ணன் அனுவைப் பிடித்துக்கொண்டார்.

"தையல்னு போட்டதுகூட போவட்டும். காலனின்னு போட்டிருக்கியே. நாலு பேரு இன்னா நெனப்பாங்க?"

"எனக்கு எல்லா லெட்டரும் அந்த அட்ரசுக்குத்தான் சார் வருது. ஒண்ணும் ஆவல."

அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். எல்லாச் சான்றிதழ்களையும் திரும்ப வாங்கி மாற்ற வேண்டும் என்று சிவசங்கரை அனுப்பினார். பச்சைமுத்து அதற்குள் சட்டம் போட்டு மாட்டிவிட்டார். சாமுண்டீஸ்வரி கதவைப் பாதிதான் திறந்தாள்.

"எங்க வம்சத்துலயே ஒரு சென்ட் நெலம் கெடயாது. காயிதத்துலயாவது உழவரா இருந்துட்டுப் போறேன். தர மாட்டேன்."

வேறு யாரும் தரவில்லை. தலைவருடையது மட்டும் திரும்பி வந்தது. அனு ஊரைச் செஞ்சி என்று மாற்றினாள்.

"பட்டம் இன்னா சார் போடணும்? நீங்க செஞ்சது எதையாவது சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரி போட்டுடறேன்."

ஹரிகிருஷ்ணன் கூரையைப் பார்த்தார். "யோசிச்சி சொல்றேன்" என்றார்.

மூன்று மாதமாக யோசிக்கிறார்.