சாரி என்ற சொல்

எங்கள் கம்பெனி வாசலில் ஒரு பலகை உண்டு. தினம் ஒரு இங்கிலீஷ் வார்த்தையையும் அது எங்கிருந்து வந்தது என்பதையும் ஆபீஸ்காரர்கள் தமிழில் எழுதிவைப்பார்கள். நாற்பது வயசுக்கு மேல் எழுத்துப் படித்தவன் நான். சத்தமாகத்தான் வாசிக்க வரும். என்னோடு வேலை பார்க்கும் அஜாஸ் பக்கத்தில் நின்று திருத்துவான்.

இருபது நாள் கழித்து அன்றுதான் அவன் வந்திருந்தான். வலது கையில் கட்டு. இரண்டு விரல் இல்லை.

"இன்னிக்கு என்னா வார்த்தைண்ணா?"

"சாரி. பழைய இங்கிலீஷில் புண், வலி என்ற சொல்லிலிருந்து பிறந்தது. முதலில் 'மனம் நோகிறது' என்றே பொருள்..."

அஜாஸ் சிரித்தான். "ஆஸ்பத்திரியில எத்தினி வாட்டி சொன்னீங்க! புண்ணு எனக்கு, சாரி உங்களுக்காண்ணா?"



இரும்புத் தகடு வெட்டும் எங்கள் பிரஸ் மிஷினில் இரண்டு பொத்தான். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு இறங்கும், கை உள்ளே மாட்டாது. வேலை சீக்கிரம் ஓட ஒரு பொத்தானை அழுத்தி டேப் ஒட்டிவிடுவோம். ஷிஃப்ட் மாறும்போது ஒட்டியவனே பிரித்துவிட வேண்டும். அன்று வேப்பனப்பள்ளி பஸ் போய்விடும் என்று நான் பிரிக்காமல் ஓடிவிட்டேன். கறுப்புப் பொத்தான், கறுப்பு டேப். அடுத்து வந்தவன் அஜாஸ். இடது கை பொத்தானைத் தொட்டதுமே, வலது கை உள்ளே இருக்க, அச்சு இறங்கிவிட்டது. டேப் ஒட்டியது யார் என்று ஆபீஸில் விசாரித்தபோது நான் ஒப்புக்கொள்ளாமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆபீஸ்ல லெட்டர் கேக்கறாங்கண்ணா. டேப்பு நான்தான் ஒட்டினேன்னு எழுதிக் குடுத்தா வேலைய விட்டு எடுக்க மாட்டாங்களாம். எனக்குக் கை வரல. நீங்க எழுதுங்க. கோழி கிண்டின மாதிரி இருந்தாலும் பரவால்ல."

"நீ ஒட்டலியே, அஜாஸு."

"சொன்னா யாரு நம்பறாங்க? வீட்ல ரெண்டு கொழந்தைங்கண்ணா."

கேன்டீன் மேஜையில் உட்கார்ந்தோம். நான் ஒருவருக்காக எழுதும் முதல் கடிதம். 'டேப் ஒட்டியது' என்று எழுதி முடிக்கவே கை வியர்த்தது. அடுத்து 'முனி' என்று எழுதினேன்.

அஜாஸ் எட்டிப் பார்த்தான். "அண்ணா, என் பேரு எழுதணும். மறந்தாப்புல உங்க பேர எழுதறீங்க."

"சரியாத்தான் எழுதறேன்" என்றேன்.

அவன் சிரிப்பு நின்றது. நான் தலையைத் தூக்காமல், என் பேரில் மிச்சம் இருந்த இரண்டு எழுத்தையும் எழுதினேன்.