ஈசாக்கின் சம்மதம்

அசனப் பண்டிகைக்கு நாடகம் எழுத அந்தச் சபையில் பாக்கியவதி டீச்சரை விட்டால் ஆளில்லை. ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியை. சபையார் ஒன்றாக உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடுவதற்கு முன்னால் அவள் நாடகம் ஒன்று நடந்தாக வேண்டும். இந்த வருஷம், தேவன் கேட்டார் என்று ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போன கதை. ஆபிரகாமாக அவள் கணவர் ஞானசிகாமணி. ஈசாக்காக அவர்கள் மகன் மெர்வின், சென்னையில் வேலை பார்க்கிற வளர்ந்த ஆண்பிள்ளை.

ஈசாக்கு சின்னப் பையன்தானே என்று கமிட்டியில் இழுத்தார்கள். டீச்சரா விடுவாள்? ரோமர்களின் தயவில் உட்கார்ந்து தன் இனத்தின் சரித்திரத்தை எழுதிய பழைய யூதர் ஒருவர் இருக்கிறாரே, அவர் கணக்கில் ஈசாக்குக்கு இருபத்தைந்து வயசு. கெட்டிக்கார மனுஷன். வேதத்தில் உள்ளதைக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, தன் ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியைக் கும்பிட்ட கதையைப் பற்றி மூச்சே விடவில்லை. அந்நியர் படித்தால் மானம் போய்விடும் அல்லவா? வேதத்தில் ஈசாக்கு, பலிக்கு ஆட்டுக்குட்டி எங்கே என்று கேட்பதோடு சரி. இவர் எழுத்திலோ அப்பாவின் நீண்ட பிரசங்கத்தைக் கேட்டு, தேவனும் தகப்பனும் முடிவு செய்ததை மறுத்தால் நான் பிறந்ததே வீண் என்று சந்தோஷமாகப் பலிபீடத்துக்கு ஓடுகிறான். படித்தபோது டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பிடித்துப்போயிற்று. கத்தி தூக்கிய தகப்பன் மேல் ஒரு பழியும் ஒட்டவில்லையே.

பிடித்துப்போனதற்கு வீட்டிலேயே காரணம் இருந்தது. மெர்வின் கைக்குழந்தையாக மூளைக்காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்தால் இவனைக் கர்த்தருடைய ஊழியத்துக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று ஞானசிகாமணி பொருத்தனை பண்ணியிருந்தார். பிள்ளை பிழைத்தான். இன்றைக்கு நாடகம் முடிந்த கையோடு குருவானவர் அவனை மேடையிலேயே நிறுத்தி ஜெபித்து, அவன் வேலையை விட்டுவிட்டு இறையியல் கல்லூரிக்குப் போகிற செய்தியை அறிவிப்பதாக ஏற்பாடு. பயலுக்கு ரொம்ப சந்தோஷம் என்று புருஷனும் பெண்டாட்டியும் அம்பாசமுத்திரம் வரைக்கும் சொல்லி முடித்தாயிற்று. மெர்வின் எதையும் மறுத்துப் பேசுகிறவன் இல்லை.

சாயங்காலம் ஆக்குப்புரையில் கறிக்குழம்பு கொதிக்க, மேடையில் நாடகம் ஆரம்பித்தது. பாக்கியவதி மைக்கோடு திரைக்குப் பின்னால் நின்றாள். மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பது அவள்தான். கடைசியில் பலியைத் தடுக்கிற தேவதூதன் குரலும் அவளுடையதுதான்.

ஞானசிகாமணி வெளுத்து வாங்கினார். மகன் கையைக் கயிற்றால் கட்டினார், பிரசங்கத்தை முடித்தார். பெண்கள் பக்கம் முந்தானைகள் கண்ணுக்குப் போயின. அடுத்தது ஈசாக்கின் வசனம்.

மெர்வின் பேசவில்லை.

பிள்ளை மறந்துவிட்டான் என்று டீச்சர் மைக்கைத் தள்ளிப் பிடித்தபடி திரையோரம் வந்து எடுத்துக் கொடுத்தாள். “அப்பா, நான் சந்தோஷமாக வருகிறேன்.” அவன் அசையவில்லை. கொஞ்சம் சத்தமாக மறுபடியும் சொன்னாள். அவன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான்.

“மறக்கலம்மா,” என்றான் பைய. “இத நான் சொல்ல மாட்டேன்.”

ஒத்திகையில் முணுமுணுவென்று வாசித்தவன்தானே? ஊழியத்துக்குப் போகிறேன் என்று இவன் எப்போதாவது வாய்விட்டுச் சொன்னதுண்டா? பாக்கியவதி யோசித்து யோசித்துப் பார்த்தாள். சொன்னதெல்லாம் அவளும் அவரும்தான். அவன் பேசாமல் இருந்த இடத்திலெல்லாம் அவளே சந்தோஷத்தை எழுதி வைத்திருக்கிறாள்.

“வசனத்தச் சொல்லுலே,” என்று ஞானசிகாமணி பல்லைக் கடித்தார். பயல் கல்லாக நிற்கவும், சபையைப் பார்த்துத் திரும்பி, “என் மகன் மனப்பூர்வமாகச் சம்மதித்துவிட்டான்” என்று தானே கணீரென்று சொல்லிவிட்டார். ஒரே கைதட்டல். குருவானவரும் தட்டினார். ஞானசிகாமணி கத்தியை ஓங்கினார்.

தேவதூதன் பேச வேண்டிய நேரம். பாக்கியவதி மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோனாள்.

“மெர்வின் அப்பா, கத்தியக் கீழ போடுங்க. அவன் சம்மதிக்கல. அந்த வசனம் நான் எழுதினது.”

ஒலிபெருக்கி அதை வயல் தாண்டி ஆற்றங்கரை வரைக்கும் கொண்டுபோயிற்று. ஜெபிக்க எழுந்த குருவானவர் பாதி எழுந்தபடியே நின்றுவிட்டார். ஆக்குப்புரையில் கரண்டிச் சத்தம்கூட இல்லை.

“என்ன பேசுத நீ?” ஞானசிகாமணி கத்தியை இறக்கினார். “அது கர்த்தருக்குக் கொடுத்த வாக்கு.”

“கொடுத்தது நீங்க. அவங்கிட்ட நாம ரெண்டு பேரும் ஒரு நாளாவது கேட்டோமா?”

வேர்வையில் ஞானசிகாமணியின் ஒட்டுத்தாடி ஒரு பக்கமாகக் கழன்று தொங்கியது. மகனைப் பார்த்தார். இத்தனை பேர் முன்னால் தலை குனிந்த மனுஷனின் கோபம் முகத்தில் வந்தது, பிறகு போயிற்று.

“ஏலே,” என்றார். “அப்ப நீ என்னதான் சொல்லுத?”

கட்டிய கையோடு மெர்வின் வாயைத் திறந்தான். அவன் என்ன சொல்லப் போகிறான் என்று பாக்கியவதிக்குத் தெரியவில்லை. தனக்கு அது தெரியாது என்று பெற்றவளுக்குத் தெரிந்தது இதுதான் முதல் தடவை.