நாச்சிமுத்துவின் நகல்கள்

உதவிப் பக்கங்களை இணையத்தில் ஏற்ற வேண்டிய நாளன்று, கோகிலவாணியின் கணவர் நாச்சிமுத்து பெருங்கூட்டமாக அலுவலகத்துக்கு வந்து வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார். அத்தனை பேரும் ஒரே நீலக் கோடு போட்ட சட்டை. அத்தனை பேர் கையிலும் ஊறிய அரிசி உள்ள எவர்சில்வர் பாத்திரம். நாற்காலி போதாமல் சிலர் மீன்தொட்டி ஓரமாக நின்றார்கள். வரவேற்பில் இருந்த பெண் எல்லோருக்கும் டீ வரவழைத்திருந்தாள். கையில் பாத்திரம் இருந்ததால் ஒருவராலும் குடிக்க முடியவில்லை.

நாச்சிமுத்து இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அலுவலகத்தின் கவலை வேறு.

"என்னம்மா இது?" என்றார் ஞானப்பிரகாசம். வெளியீட்டுக்குப் பொறுப்பான மேலாளர். கோபம் ஏற ஏறக் குரல் இறங்கிப்போகும் மனிதர். அன்று அவர் பேசியது உதட்டசைவில்தான் தெரிந்தது. "ஒரே படம். எத்தனை நகல்?"

"எண்ணலீங்க சார்."

அது கோயம்புத்தூரில் மாவாட்டும் கிரைண்டர் செய்கிற கம்பெனி. கிரைண்டர் வாங்கியவர்கள் படித்துத் தெரிந்துகொள்ள உதவிப் பக்கங்கள் எழுதுவது கோகிலவாணியின் வேலை. கல்லை எப்படிக் கழற்றுவது, பெல்ட் அறுந்தால் என்ன செய்வது, இந்த மாதிரி. ஆள் வைத்துப் படமெடுக்கக் கம்பெனிக்கு மனசு வரவில்லை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே தன் சமையலறையில் கணவரை நிறுத்தி, அரிசி போடுவதுபோல் ஒரு படம் எடுத்தாள். சிரிக்காதீங்க என்று சொன்னாள். சொன்னதாலேயே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடுதான் படம் இருக்கிறது.

படம் என்றால் பொதுப் படங்கள் அறையில் ஒன்றே ஒன்று இருக்க வேண்டும். வேண்டிய பக்கம் அங்கிருந்து அதைக் கூப்பிட்டுக்கொள்ளும். வேலைக்குச் சேர்ந்த அன்றே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நாச்சிமுத்து போனபிறகு கோகிலவாணிக்கு இதில் நம்பிக்கை விட்டுப்போயிற்று. ஒன்றே ஒன்று என்றால், அது தொலைந்தால் என்ன கதி? ஒன்றே ஒன்றாக இருந்தவர்தானே தொலைந்துபோனார். ஆகவே பக்கத்துக்கு ஒரு நகல் எடுத்து, ஆளுக்கொரு பெயர் வைத்து ஒட்டினாள். பக்கங்கள் தீர்ந்தபோது புதுப் பக்கம் எழுதினாள். 'கிரைண்டர் அருகே நிற்பது எப்படி' என்று ஒன்று. 'மின்தடையின்போது கிரைண்டருடன் இருத்தல்' என்று ஒன்று. ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. அவள் எழுதினாள்.

"ஒருத்தரை வெச்சுக்கம்மா," என்றார் ஞானப்பிரகாசம். "மத்தவங்களை அனுப்பிச்சிரு. இல்லேன்னா வெளியீட்டு அறை கதவே தொறக்காது."

"யாரை வெச்சுக்கறதுங்க?"

"எல்லாம் ஒண்ணுதானே?"

கோகிலவாணிக்கு அங்கேதான் சந்தேகம். தவறான ஆளை வைத்துக்கொண்டு சரியான ஆளை அழித்துவிட்டால், மனுஷன் இரண்டாவது முறையும் போய்விடுவார். அதைத் தாங்க அவளிடம் தெம்பு இல்லை. அதை மேலாளரிடம் எப்படிச் சொல்வது?

"ஒண்ணுதானுங்க," என்றாள்.

அவள் வெளியீட்டு அறையை நோக்கி முன்னால் நடந்தாள். நாச்சிமுத்து பின்னால் வரிசையாக வந்தார். நடைவழி வழக்கத்தைவிட நீண்டுகொண்டே போயிற்று. அதற்கும் அவள்மேல் இரக்கம் இருந்திருக்க வேண்டும்.

நடக்க நடக்கத்தான் தெரிந்தது, எல்லாரும் ஒன்றுபோல் இல்லை. இருந்த பக்கத்தின் குணம் ஒட்டிக்கொண்டிருந்தது. எச்சரிக்கைப் பக்கத்தில் இருந்தவர், "ஈரக் கையோட சுவிட்சைத் தொடாத அம்மிணி," என்று ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்தார். இரைச்சல் பக்கத்தில் இருந்தவருக்குக் காது மந்தம். மாவு பொங்கி வழியும் பக்கத்துக்காரர் சட்டையெல்லாம் மாவாக, கல்யாணமான புதிதில் இருந்ததுபோலச் சும்மா சும்மா சிரித்தார்.

உத்தரவாதப் பக்கத்தில் இருந்தவரிடம், "நீங்க இருந்துக்கறீங்களா?" என்று கேட்டாள்.

"ரெண்டு வருசந்தான் அம்மிணி. அதுக்கு மேல சொல்றதுக்கில்லை," என்றார். பொய் சொல்லத் தெரியாத ஆள், அன்றைக்கும் இன்றைக்கும்.

வெளியீட்டு அறை வாசலில் அருக்காணியக்கா தராசோடு உட்கார்ந்திருந்தாள். ஏறுகிற ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்ப்பது அவள் வேலை. நாச்சிமுத்துவை ஒவ்வொருவராக ஏற்றி இறக்கினாள்.

"அத்தனையும் ஒரே எடை. ஒரே ஆளுதான். இதுல அசல் யாரு கண்ணு?"

"தெரியலீங்கக்கா."

"இதுல யாருமில்லை. எல்லாம் நகலுக்கு நகல். அந்த ரூமுல போய்ப் பாத்தியா?" அருக்காணியக்கா எதிர்க்கதவைக் காட்டினாள். பொதுப் படங்கள் என்று எழுதியிருந்தது.

கோகிலவாணி பார்க்கவில்லை. இரண்டு வருஷமாக அந்தக் கதவைத் தொட்டதே இல்லை. நகலிலிருந்து நகல் எடுத்தே காலத்தை ஓட்டியிருந்தாள். இப்போது தாழ்ப்பாளைத் தள்ளினாள்.

உள்ளே சுவரோரமாக நாச்சிமுத்து நின்றுகொண்டிருந்தார். பாத்திரத்தை ஏந்திய கை இறங்காமல் அப்படியே இருந்தது.

"ஏம்புள்ள, இத்தனை நேரமா?" என்றார்.

"உள்ள வர பயமா இருந்துச்சுங்க."

"என்ன பயம்?"

"நீங்க இல்லாம இருந்துட்டா?"

"நான் எங்க போறேன். கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன். யாருமே கூப்பிடலை."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கட்டிக்கொள்ளலாம் என்றால் பாத்திரம் இடித்தது. பக்கத்தில் நின்று அவர் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பிறகு நகல்களை அனுப்பிவைத்தாள். நாச்சிமுத்து கறிவேப்பிலை வாங்கப் போன இடத்தில் மாரடைப்பு வந்து இறந்தவர். தெருமுனைக் கடைதானே என்று, புறப்படும்போது சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. அந்தக் குறை அவளை அரித்துக்கொண்டே இருந்தது. இன்றைக்கு ஒவ்வொருவரும் அவளிடம் வந்து, "போய்ட்டு வாறேன் அம்மிணி," என்று சொல்லிவிட்டுத்தான் மறைந்தார்கள். அவளும் ஒருவரை விடாமல், "போய்ட்டு வாங்க," என்றாள். காது மந்தமானவருக்கு இரண்டு முறை சத்தமாகச் சொன்னாள். மின்தடைப் பக்கத்துக்காரர்தான் போக மனமில்லாமல் தயங்கித் தயங்கி நின்றார். அவரைக் கொஞ்சத் தூரம் கூட நடந்து வழியனுப்பினாள். மனசு வலித்தது. ஆனாலும் லேசாகவும் இருந்தது.

திரும்பி வந்தபோது அசல் நாச்சிமுத்து நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்.

"பாத்திரத்தைக் கீழ வைங்க," என்றாள்.

"வெச்சா படம் மாறிடுமே."

"மாறட்டுங்க."

"எல்லாப் பக்கத்துலயும் மாறிடும் புள்ள. இப்ப நான் ஒருத்தன்தானே."

"மாறட்டும்னு சொல்றேனல்ல. கை வலிக்கலையா உங்களுக்கு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "வலிக்குது," என்றார்.

பாத்திரத்தைக் கீழே வைத்தார். ஓரமாக இருந்த அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். வெளியீட்டு அறைக் கதவு திறந்தது. உதவிப் பக்கங்கள் அத்தனையும் இணையத்தில் ஏறின.

சற்று நேரத்தில் ஞானப்பிரகாசத்தின் தொலைபேசி அடித்தது. அவர் தொலைபேசியின் வாயை ஒரு கையால் மறைத்துக்கொண்டு கோகிலவாணியிடம் வந்தார்.

"பொள்ளாச்சியிலிருந்து ஒரு அம்மா. படத்துல இருக்கறவர் அரிசி போட மாட்டேங்கறாராம். உக்காந்திருக்காராம். என்ன சொல்ல?"

"நின்னு நின்னு கால் ஓஞ்சுபோச்சுன்னு சொல்லுங்க சார். அரிசியை அவங்களே போட்டுக்கட்டும்."

அவர் அதை அப்படியே சொன்னார். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் குரல் தாழ்ந்தது, கோபமில்லாமல்.

"சரின்னுட்டாங்க. அவங்க வீட்டுலயும் யாருமில்லையாம். இந்தப் பக்கத்தை மூடாம, கொஞ்ச நேரம் தெறந்தே வெச்சிருக்கட்டுமான்னு கேக்கறாங்க."

கோகிலவாணி அட்டைப்பெட்டிமேல் இருந்தவரைப் பார்த்தாள்.

"வெச்சுக்கச் சொல்லுங்க சார்," என்றாள்.