ஏழின் வாசலைத் தாண்டிய எண்

மனச்சாட்சி உள்ளோரே, மருந்துக்கடை மாடியில் கூடும் எண்கணித மன்றத்துக்குள் வாருங்கள்; அங்கே நடக்கும் அநீதியைக் கண்ணாரக் காணுங்கள். ஓர் அபூர்வ எண்ணைக் கண்டுபிடித்த கணக்கு ஆசிரியை கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருடைய கட்டுரையை மேடையில் படிப்பவரோ கடிகாரம் பழுதுபார்க்கும் அவர் கணவர். பெண்கள் உறுப்பினராக முடியாது. இது மன்றத்தின் விதி. சபையின் கேள்விகளுக்குக் கட்டுரையைப் படித்தவரே விடை சொல்ல வேண்டும், தவறினால் தள்ளுபடி. இது இன்னொரு விதி.

"முப்பத்தெட்டு கோடியே பதினாறு லட்சத்து ஐம்பத்து நான்காயிரத்து எழுநூற்று இருபத்தொன்பது" என்று படித்தார் கடிகாரக்காரர். கரும்பலகையில் 381654729 என்று எழுதினார். ஒன்று முதல் ஒன்பது வரை ஒவ்வோர் இலக்கமும் ஒரே முறை. 38 இரண்டால் வகுபடும்; 381 மூன்றால்; 3816 நான்கால். இப்படியே ஒன்பது இலக்கங்களும் சேர்ந்து ஒன்பதால் வகுபடும்வரை எங்கும் மீதி என்ற பேச்சே இல்லை. பல்சக்கரங்களோடு வாழ்ந்த மனிதர் அவர். இத்தனை பிசிறில்லாத பொருத்தத்தை எந்தக் கடிகாரத்திலும் கண்டதில்லை.

"நடுவுல அஞ்சு சட்டமா உக்காந்திருக்கே, ஏன்?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அஞ்சால வகுபடணும்னா அஞ்சுலயோ சைபர்லயோ முடியணும். சைபருக்குத்தான் இங்க டிக்கெட்டே குடுக்கலையே" என்றார் கடிகாரக்காரர்.

சபை சிரித்தது. தலைவர் கேட்டார்: "இந்த மாதிரி எண் இது ஒண்ணுதான்னு எப்படிச் சொல்றீங்க? உங்க மூளையே தனி சார். வீட்டம்மாவுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

விடை கடிகாரக்காரருக்குத் தெரியும். மனைவி புரிய வைத்திருந்தார். ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் சுருக்கென்று தைத்தது. கட்டுரையைக் கீழே வைத்தார்.

"நான் சொல்ல மாட்டேங்க. கண்டுபிடிச்சவங்க கடைசி வரிசையில இருக்காங்க."

"அப்ப தள்ளுபடிதான். தெரியுமில்ல?"

தெரியும். மனைவியின் உழைப்பையே பந்தயம் வைத்துவிட்டோமே என்று கடைசி வரிசையைப் பார்த்தார்.

"என்னை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" என்று முறைத்தபடி ஆசிரியை எழுந்தார். "சரி, வந்தது வந்தாச்சு. ரெண்டு, நாலு, ஆறு, எட்டாவது இடத்துல இரட்டை எண்தான் வரும். அதுலயும் நாலாவது, எட்டாவது இடத்துக்கு ரெண்டும் ஆறும்தான் பொருந்தும். மூணாலயும் எட்டாலயும் வகுத்துப் பாக்குற சோதனை முடிஞ்சா மிஞ்சுறது பத்தே எண். பத்தையும் ஏழுகிட்ட அனுப்பினேன். அதுல ஒம்பதை வாசலோட திருப்பி அனுப்பிடுச்சு; தாண்டி வந்தது இது ஒண்ணுதான்."

தலைவர் மணியடித்தார். ஒரு தலைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. எல்லாரும் கரும்பலகையையும் ஆசிரியையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கடிகாரக்காரர் மேடையிலிருந்து இறங்கி, மனைவிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

ஆனாலும் கட்டுரை தள்ளுபடி என்றே அறிவிக்கப்பட்டது. மெய்ப்பிக்கப்பட்ட உண்மையை விதியொன்று மிதித்துச் சென்றது! கேட்டுக் கைதட்டிவிட்டுக் கலைந்தால் நாமும் அதற்கு உடந்தையே. அடுத்த கூட்டத்துக்குத் திரண்டு வாருங்கள். அவ்விரு விதிகளையும் நீக்கக் குரல் கொடுங்கள். அந்த ஆசிரியை மேடையேறும்வரை ஒருவரும் உட்காராதீர்கள்!