நாலு மணி வரைக்கும்

தச்சர் இரண்டாம் முறையாக மூடியைத் தூக்கிவிட்டார். "மூடிடலாமாம்மா?"

பெரியவள் சவப்பெட்டிக்குள் குனிந்து அம்மாவின் வலது கைப் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தாள். பொத்தான் சின்னது, துளை அதைவிடச் சின்னது. மீன் பதப்படுத்தும் ஆலையில் பத்தொன்பது வருஷம் ஐஸில் ஊறிய விரல்கள் அவளுடையவை. இந்த மாதிரி வேலைக்கு லேசில் வளைவதில்லை.

"தம்பி வந்துடட்டுமே," என்றார் போதகர், ஓரமாக நின்றபடி. "ரயில் லேட்டுன்னு போன் வந்துச்சில்ல?"

"மூணு மணின்னு ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு, ஐயா."

"சொன்னா என்னம்மா? இவங்கள்லாம் எங்க போகப் போறாங்க?"

வந்திருந்தவர்கள் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். தெருவில் யாருக்கு என்ன நடந்தாலும் முதலில் அவள் வாய்க்குத்தான் வரும் என்பதால் ரேடியோ என்று பெயர். அந்த ரேடியோகூட இப்போது சத்தமில்லாமல் இருந்தது. வேண்டாம் என்று பெரியவள் சொன்னால் வேண்டாம்தான். சின்னவன் வந்து மூடிய பெட்டியைத் தொட்டுக்கொள்ள வேண்டியதுதான். இந்த வீட்டில் ஒரு முடிவு முழுசாக அவள் கைக்கு வந்தது இன்றைக்குத்தான்.

"நாலு மணி வரைக்கும்," என்றாள். "அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது."

தச்சர் மூடியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பீடி பிடிக்க வெளியே போனார்.

சாகிற அன்றைக்கும் அம்மா அவனுக்காகத்தான் காத்திருந்தா, செத்த பிறகும் அவனுக்காகத்தான் காத்திருக்கா என்று நினைத்தபோது பெரியவளுக்கு வயிறு எரிந்தது. நேற்றுக் காலையிலிருந்து அவளைக் கட்டிப்பிடித்து ஒருத்தரும் அழவில்லை. எல்லாரும் அவளிடம் வெள்ளைத் துணி எங்கே, பெரிய குடம் எங்கே, சாவி எங்கே என்றுதான் கேட்டார்கள். அவளும் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு நிச்சயதார்த்தம் நடந்தது. பாதிதான் நடந்தது என்று சொல்ல வேண்டும். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். அமைதியானவர், அவளிடம் ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் நாலு தடவை கண்ணாடியைத் துடைத்தார். சின்னவன் குடித்துவிட்டு வந்து, எதற்கென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது, மாப்பிள்ளையின் அப்பா சட்டையைப் பிடித்தான். அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். மறுநாள் விடிவதற்குள் அவனும் போய்விட்டான். அதன்பின் எப்போதாவது ரேடியோ வீட்டுக்குப் போன் வரும். "வரேம்மா, அடுத்த மாசம் கண்டிப்பா வரேன்." அம்மா சிரித்துக்கொண்டே திரும்பி வருவாள். எத்தனை அடுத்த மாசம் வந்தது, அவன் வரவில்லை.

"மன்னிச்சிடுடி," என்பாள் அம்மா.

"மன்னிச்சாச்சும்மா."

"வாய் சொல்லுது."

"வேற எதால சொல்லச் சொல்ற?"

தினமும் சாப்பிட்ட பிறகு பெரியவள் வேதம் வாசிக்க வேண்டும். அம்மாவுக்குத் தூரத்தில் காக்கா உட்கார்ந்தால் தெரியும், கிட்டத்தில் எழுத்து தெரியாது. எதை வாசித்தாலும் வாரத்துக்கு ஒரு தரம் அந்த ரெண்டு பிள்ளைகள் கதைக்கு வந்து நிற்பாள். இளையவன் வீட்டை விட்டுப் போய்க் கெட்டுச் சீரழிந்து திரும்பி வருகிறான். அப்பா ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார், விருந்து வைக்கிறார். பெரியவள் விருந்து வரைக்கும் வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவாள்.

"மீதியையும் படி."

"தூக்கம் வருதும்மா. காலையில ஷிஃப்ட்."

"பெரியவன் வெளியிலயே நிக்கிறான்டி. அவனை அப்படியே விட்டுட்டு மூடுறியே."

"நிக்கட்டும். அவனுக்கு நின்னு பழக்கம்தான்."

அம்மா சண்டைக்கு வரமாட்டாள். "கர்த்தர் அவசரப்படமாட்டார். நானும் அவசரப்படல," என்று சொல்லிப் போர்வையை இழுத்துக்கொள்வாள். யாருக்காக அவசரப்படவில்லை என்று பெரியவள் கேட்டதில்லை. அதுதான் தெரியுமே.

அந்த ஜன்னலோர நாற்காலியே சாட்சி. தினமும் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி நிமிர்ந்தால் ஜன்னலில் அம்மாவின் தலை தெரியும். ஸ்டேஷனிலிருந்து வருகிற தெருவைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்கும் தலை. கண்ணெதிரே ஒருத்தி நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு இறங்கி வருகிறாள், அந்தக் கண் அவளைத் தாண்டி வேறு ஒருத்தனைத் தேடுகிறது. பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்துச் சந்தில் நுழைந்துவிடுவாள். மீன் வாடையோடு முன்வாசலில் நுழையமாட்டாள். பின்கட்டுக் குழாயில் சோப்புப் போட்டு, எலுமிச்சைத் தோல் தேய்த்து, உடை மாற்றி உள்ளே வரும்போது மேசையில் டீ இருக்கும். குடிப்பாள். இன்றைக்காவது வந்தானா உன் பிள்ளை என்று நாக்கு நுனி வரை வரும், அதையும் டீயோடு சேர்த்து விழுங்குவாள்.

இப்போது மூன்றே கால். வந்தவர்கள் வீட்டிலிருந்த எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரத்து நாற்காலியை மட்டும் யாரும் தொடவில்லை. அம்மா இருந்த காலத்திலும் அதில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. பெரியவளுக்கோ அதைக் கண்டாலே ஆகாது. பெருக்கும்போது காலால் நகர்த்துவாள்.

முப்பத்தாறு மணி நேரமாக நின்ற கால் இனி நிற்காது போலிருந்தது. போய் உட்கார்ந்தாள். தெருவைப் பார்த்துக்கொள்ளலாம், அவன் தலை தெரிந்தால் முகத்தைச் சரிப்படுத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். நாலு மணிக்குள் வரக்கூடாது என்று ஒரு ஜெபமும் செய்தாள். ஒரு சவத்தின் பக்கத்தில் உட்கார்ந்து செய்கிற ஜெபமா அது என்று அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் ஆமென் வரை சொல்லி முடித்தாள்.

அதற்குக் காரணம் இருந்தது. அம்மா சாவதற்கு நாலு நாளைக்கு முன்னாலேயே நர்ஸ் சொல்லிவிட்டாள், யாருக்காவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்க என்று. பெரியவள் சொல்லவில்லை. அவன் எண் வேதப் புத்தகத்தின் பின்னட்டையில் இருந்தது. போனை எடுக்க மனம் வரவில்லை. அந்த நாலு நாள் அம்மா அவளுக்கு மட்டும் வேண்டும் என்று தோன்றியது. அவன் பெயர் கலக்காத நாலு நாள். கடைசி ராத்திரி அம்மா, "சின்னவனுக்குச் சொல்லிட்டியா?" என்றாள். "சொல்லியாச்சு. வந்துகிட்டே இருக்கான்," என்றாள் இவள், கண்ணை இமைக்காமல். அம்மா தலையாட்டினாள். "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு பேசவில்லை. பெரியவள் போனை எடுத்தது நேற்று, எல்லாம் முடிந்த பிறகு.

ஜன்னல் வழியே பார்த்தாள். ஸ்டேஷன் தெருவைக் காணோம்.

கொஞ்சம் முன்னால் சாய்ந்து பார்த்தாள். இடது பக்கம் முழுக்க ரேடியோ வீட்டு மாடிப்படி அடைத்துக்கொண்டு நின்றது. மாடியை வாடகைக்கு விடுவதற்காக ஆறு வருஷத்துக்கு முன்னால் வெளிப்பக்கமாகக் கட்டிய சிமெண்ட் படி. நின்று பார்த்தால் அதன் மேலாகத் துண்டு வானம் தெரியும், உட்கார்ந்தால் அதுவும் இல்லை. நேர் எதிரில், கைக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பதுபோலத் தெரிந்தது பஸ் ஸ்டாப். தகரக் கூரை, உடைந்த பெஞ்சு, அதன் பக்கத்தில் சந்தின் முனை. இந்த நாற்காலியிலிருந்து வேறு எதையும் பார்க்க முடியாது.

நாற்காலியை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்திப் பார்த்தாள். தரையில் நாலு காலுக்கும் நாலு தேய்ந்த வட்டம் இருந்தது. பெருக்கும்போது அவள் நகர்த்தியதையெல்லாம் யாரோ ஒவ்வொரு நாளும் திரும்ப அதே வட்டத்துக்குள் வைத்திருந்தார்கள்.

ஒரு பஸ் வந்தது. ரெண்டு பேர் இறங்கினார்கள். முகம் துல்லியமாகத் தெரிந்தது.

ஆலை பஸ் ஒரு நாளாவது நேரத்துக்கு வந்ததில்லை. ஐந்தரைக்கும் வரும், ஆறே முக்காலுக்கும் வரும். டீ மட்டும் ஒரு நாளும் ஆறியிருந்ததில்லை. பத்தொன்பது வருஷமாக அதை அவள் யோசித்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அம்மா இந்த நாற்காலிப் பக்கமே வரமாட்டாள், அடுக்களையில் அவளோடு உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். ஞாயிற்றுக்கிழமையும் ரயில் வரத்தானே செய்தது?

பெரியவள் இரண்டு கையாலும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். எழுந்து போய் அம்மாவிடம் கேட்க வேண்டும் போலிருந்தது. நான் இறங்குறதையா பாத்துட்டிருந்தே? ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன? பதினைந்து அடி தூரத்தில்தான் அம்மா படுத்திருந்தாள், பொத்தானெல்லாம் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு.

"நாலு ஆயிடுச்சும்மா," என்றார் தச்சர்.

"இருங்க."

"நீங்கதானே சொன்னீங்க..."

"நான்தான் சொன்னேன். நானே சொல்றேன், இருங்கண்ணே. அவன் வரட்டும்."

நாலேகாலும் ஆனது. அவள் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அக்கா," என்று பின்னாலிருந்து குரல் கேட்டபோது தூக்கிவாரிப் போட்டது. அவன் நடு ஹாலில் பையோடு நின்றான். ஸ்டேஷன் தெரு வழியாகத்தான் நடந்து வந்திருக்கிறான். அவளுக்குத் தெரியவில்லை, அந்த ஜன்னலில் யாருக்கும் தெரியாது.

தலைமுடி கொட்டியிருந்தது. குடிகாரனின் முகமாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தாள். வெயிலில் லாரி ஓட்டுகிறவனின் சாதாரண முகம்தான் இருந்தது. ரேடியோ ஓடிவந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "வந்துட்டியா ராசா! உங்கம்மாவைப் பாருடா!" என்று ஊருக்கே கேட்கும்படி அழுதாள். பெரியவளுக்கு மறுபடியும் சுருக்கென்றது. ஒரே நாளில் போய்விடுகிற சமாச்சாரமா அது? ஆனாலும் ரேடியோவின் தோளைப் பிடித்து மெல்ல விலக்கி, "அவனை அம்மாகிட்ட விடுங்கக்கா," என்றாள்.

அவன் பெட்டியருகே நின்றான். சத்தம் போட்டு அழவில்லை. அம்மாவின் மணிக்கட்டுப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போதகர் வேதத்தைத் திறந்தார். "அம்மாவுக்குப் பிடிச்ச பகுதிதானே? நேரமாச்சு, விருந்தோட நிறுத்திக்கட்டுமா?"

"கடைசி வரைக்கும் படிங்க, ஐயா."

அவர் வாசித்தார். பெரியவன் வயலிலிருந்து வந்து வெளியிலேயே நின்றான், உள்ளே வர மனமில்லை. அப்பா விருந்தை விட்டுவிட்டு எழுந்து வெளியே வந்தார், அவனையும் வருந்தி அழைத்தார். பெரியவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்று கேட்டாள்.

வண்டியில் மூடிய பெட்டிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். வேறு யாரும் ஏறவில்லை. இரண்டாவது திருப்பத்தில் அவன்தான் பேசினான்.

"ரெண்டு நாள் முன்னாடி தெரிஞ்சிருந்தா உயிரோட பாத்திருப்பேன்க்கா."

அவள் சும்மா இருந்திருக்கலாம். நர்ஸைத் தவிர யாருக்கும் தெரியாது.

"நாலு நாளைக்கு முன்னாடியே தெரியும்டா. நான்தான் உனக்குச் சொல்லல."

அவன் நிமிர்ந்தான்.

"அம்மா கேட்டாங்க. சொல்லிட்டேன், வந்துகிட்டிருக்கான்னு பொய் சொன்னேன். அதை நம்பிக்கிட்டுத்தான் போனாங்க. எனக்குப் பொறுக்கல. அவ்வளவுதான். வேற காரணம் இல்ல."

வண்டி பள்ளத்தில் இறங்கியபோது பெட்டி நகர்ந்தது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கை வைத்துப் பிடித்தார்கள். கல்லறை வரை கையை எடுக்கவில்லை, ஒருவரை ஒருவர் பார்க்கவும் இல்லை.

மண் போட்டு முடிந்ததும் வந்தவர்கள் கலைந்தார்கள். பெரியவள் போதகருக்கும் குழி தோண்டியவருக்கும் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினால் அவனைக் காணோம். "அப்பவே கிளம்பிட்டான், யார்கிட்டயும் பேசல," என்றாள் ரேடியோ. வேனில் வா என்று கூப்பிட்டவளை, "நீங்க போங்க, நான் பஸ்ல வரேன்," என்று அனுப்பிவிட்டாள்.

போயிட்டான். பழகின வேலைதானே. ஆனால் இந்தத் தடவை விரட்டினது யார்? பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உட்கார இடம் இருந்தும்.

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் தன் நிறுத்தத்தில் இறங்கினாள். பழக்கத்தில் நிமிர்ந்தாள். ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது.

பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தத் தலை எழுந்து உள்ளே போனது. அவள் சந்துக்குள் நுழைந்து, பின்கட்டுக் குழாயைத் திறந்தாள். இன்றைக்கு மீன் வாடை இல்லை, நகக்கண்ணில் மண்தான். ஆனாலும் சோப்புப் போட்டு, எலுமிச்சைத் தோல் தேய்த்து, வழக்கமான நேரம் எடுத்துக்கொண்டு கழுவினாள்.

உள்ளே மேசைமேல் டீ ஆவி பறந்துகொண்டிருந்தது. அவன் அடுக்களை வாசலில் கரித்துணியோடு நின்றான். கண் சிவந்திருந்தது.

"பஸ் லேட்டாக்கா?"

"ம். எப்பவும் அப்படித்தான்."

உட்கார்ந்து ஒரு வாய் குடித்தாள். சர்க்கரை ரெண்டு மடங்கு போட்டிருந்தான். அவள் ஒன்றும் சொல்லாமல் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.