போர் வராது என்று சொன்னவர்

ஆஸ்பத்திரியில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு நிபுணர் உண்டு. உலகத்துக்கான நிபுணர் மட்டும் அடித்தளத்தில், சலவைப் பிரிவில், பெட்ஷீட் மடித்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு 'ஐ.நா.' என்று பேர் வைத்தவர் ரோலர்காரர். ஈரத் துணியைச் சூடான ராட்சத உருளைக்குள் விட்டு, மறுபக்கம் இஸ்திரி போட்டதாக வெளியே எடுக்கும் மெஷினுக்கு அவர்தான் அதிபதி. "எல்லாச் சண்டைக்கும் கூட்டம் போடுவாரு, ஒரு சண்டையும் நிக்காது" என்று பேருக்கு விளக்கமும் கொடுத்திருந்தார். கேலிதான். ஆனால் நம்மவர் அதைப் பட்டமாகவே வாங்கி நெஞ்சில் குத்திக்கொண்டார். சேர்ந்து ஒரு வாரமே ஆன துப்புரவுப் பெண்மணி அதுதான் அவருடைய அசல் பேர் என்று நினைத்துக் கூப்பிட்டபோதுகூட அவர் திருத்தவில்லை.

அவருடைய ஞானத்தின் ஊற்றுகள் பல. பஸ்ஸில் பக்கத்து சீட்காரரின் தோளுக்கு மேலாக எட்டிப் படித்த பேப்பர், பாதியில் சிக்னல் போய்விட்ட வீடியோ, சாப்பிடும்போது டிவியில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்திய விவாதம். இவற்றைக் கலக்கிக் காலைக்குள் ஒரு கொள்கை தயாராகிவிடும். பெரிய நாட்டுத் தலைவர்களை எல்லாம் சித்தப்பா மகன்கள் மாதிரி 'அவன்', 'இவன்' என்றுதான் சொல்வார். "அவனுக்குத் தெரியும்யா, இறங்கினா தொலைஞ்சோம்னு. சும்மா மிரட்டிப் பாக்கறான்."

பெட்ஷீட் மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து விறைப்பாக இழுத்து, பாதியாக்கி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, முனைகளை ஒப்படைத்துவிட்டு மறுபடி விலக வேண்டும். மெஷின் சத்தத்தில், கிட்டே வரும்போது கிசுகிசுக்கலாம். விலகிய பிறகு பேசுவதென்றால் கத்தத்தான் வேண்டும். ஆகவே அந்த அறையில் கேள்விகள் மெதுவாகவும் பதில்கள் ஊருக்கே கேட்கும்படியும் இருந்தன. ஐ.நா.வுக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருந்தது.

எதிர்முனையைப் பிடிப்பவள் அவரை 'அண்ணே' என்று கூப்பிடும் பெண். அவள் கணவன் கடல் தாண்டி ஒரு துறைமுகத்தில், சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். அந்த நாட்டுக்கும் பக்கத்து நாட்டுக்கும் சில மாதங்களாக முறைப்பு. ஐ.நா. பகலில் சொல்வதை அவள் சாயங்காலம் போனில் கணவனுக்கு ஒப்பிப்பாள். மறுநாள் அவனுடைய சந்தேகங்களோடு வருவாள்.

"நேத்து நீங்க சொன்னதை அவரு ரூம்ல எல்லாருக்கும் எடுத்துச் சொன்னாராம்ணே. அண்ணன் பெரிய ஆளுன்னு பேசிக்கறாங்களாம்."

தன் சொல்லுக்கு வெளிநாட்டிலும் மதிப்பு ஏறியிருப்பது தெரிந்து அன்று ஐ.நா. மடித்த பெட்ஷீட்டுகளில் ஒரு சுருக்கம் கிடையாது.

போர் வந்தே தீரும் என்பது ரோலர்காரரின் கட்சி. அவருடைய தர்க்கம் எளிது. "ரெண்டு பேரும் குண்டா வாங்கி அடுக்கறானுங்க. வாங்கினதைப் போட்டுப் பாக்காம இருப்பானுங்களா?" இதை மறுப்பதே ஐ.நா.வின் மூன்று மாதப் பணியாக இருந்தது. கச்சா எண்ணெய், கப்பல் பாதை, தேர்தல் என்று ஒவ்வொன்றாக அடுக்கி, 'போர் வராது' என்று தினமும் தீர்ப்பு எழுதினார்.

அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் அவள் கிட்டே வந்தபோது மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, ஊருக்குப் போறவங்க போகலாம், டிக்கெட் நாங்க போடறோம்னு கம்பெனியில சொல்லிட்டாங்களாம். போனா திரும்ப வேலை நிச்சயமில்லையாம். இன்னிக்குள்ள பேர் கொடுக்கணும். அண்ணனைக் கேட்டுச் சொல்லுன்னாரு. வரச்சொல்லவா?"

முனைகளை வாங்கிக்கொண்டு இருவரும் விலகினார்கள். பெட்ஷீட் நடுவில் விறைத்து நின்றது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அன்று காலை பஸ்ஸில் ஐ.நா. ஒரு வீடியோ பார்த்திருந்தார். அந்த நாட்டின் எல்லையோர ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளை அனுப்பிவிட்டுக் கட்டில்களைக் காலி செய்கிறார்கள். வரிசையாகப் புது விரிப்புகள். கச்சா எண்ணெயைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஓர் ஆஸ்பத்திரி எதற்காக வார்டு வார்டாகக் கட்டிலைக் காலி செய்யும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மனைவிக்குப் போன் போட்டார். "சமையல் எண்ணெய் ரெண்டு கேன் அதிகமா வாங்கி வை. விலை ஏறப்போகுது."

ஆக, உலகத்திலேயே தனக்கு நிஜமாகத் தெரிந்த ஒரே அரசியல் விஷயத்தை அவர் அன்று தெரிந்துவைத்திருந்தார்.

ரோலர்காரர் மெஷினுக்குக் கொடுத்த துணி தீர்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். காது கூர்மையான மனிதர். 'வரச்சொல்லும்மா' என்று ஒரு வார்த்தை சொன்னால் மூன்று மாதத் தீர்ப்பும் குப்பைக்கூடைக்குப் போகும். சாகும்வரை அந்தாள் சொல்லிக்காட்டுவார்.

"போர் வராதும்மா!" என்று கத்தினார் ஐ.நா. "எழுதி வச்சுக்கோ! மாப்பிள்ளையை நிம்மதியா வேலையைப் பாக்கச் சொல்லு!"

"ஐ.நா.வே சொல்லிடுச்சு, அப்புறம் என்ன?" என்றார் ரோலர்காரர்.

அவள் சிரித்துவிட்டாள். மறுபடி கிட்டே வந்தபோது, "இப்பத்தாண்ணே மூச்சே வருது" என்றாள். அவர் முனைகளை வாங்கிக்கொண்டார்.

அந்த வாரம் முடிவதற்குள் போர் வந்துவிட்டது. முதல் குண்டு விமான நிலையத்தில் விழுந்தது. டிக்கெட், கம்பெனி, பேர் கொடுப்பது எல்லாம் அதோடு முடிந்தது. அவள் கணவனின் போன் அடிக்கவே இல்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் ஐ.நா.வின் மனைவி, கல்யாணமான நாளிலிருந்து கொடுக்காத ஒரு பாராட்டைக் கொடுத்தாள்.

"எண்ணெய் என்ன விலை போகுது பாத்தீங்களா? நல்லவேளை அன்னிக்கே சொன்னீங்க. நானும் வாய் வலிக்கப் பேசறாரு, பேசட்டும்னு இருந்தேன். உங்களுக்கு விஷயம் தெரியுதுங்க."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அந்தப் பொண்ணு வீட்டுக்காரரையும் அன்னிக்கே கிளம்பி வரச்சொல்லிட்டீங்கதானே?"

"அவ கேக்கவே இல்ல" என்றார்.

"நீங்களா சொல்லக்கூடாதா? கேக்காதவங்களுக்கெல்லாம் சொல்றீங்க."

அடுக்களையில் இரண்டு கேன்களும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. தண்ணீர் குடிக்கப் போனவர் குடிக்காமலே திரும்பினார்.

அவள் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். வீட்டில் இருந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும், இங்கே வந்தால் கையாவது ஆடும் என்றாள். அவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதைவிட மோசம், ரோலர்காரரும் சொல்லவில்லை. மூன்று மாதம் வாதாடி ஜெயித்த மனிதர், துணியை உருளைக்குள் விட்டுக்கொண்டு தலை குனிந்தே நின்றார். காறித் துப்பியிருந்தால்கூட ஐ.நா. துடைத்துக்கொண்டு போயிருப்பார்.

தோள்பட்டை வலி என்று சொல்லி அழுக்குத்துணி பிரிக்கும் இடத்துக்கு மாற்றல் கேட்டுப் பார்த்தார். ரத்தமும் சீழுமாக வரும் அந்த மூட்டைகளைத் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டவர் அந்த ஆஸ்பத்திரியில் எவரும் இல்லை.

"இந்த நேரத்துலயா?" என்றாள் மேற்பார்வையாளர் அம்மா. "நாலு விஷயம் தெரிஞ்ச ஆளு நீங்க. அந்தப் பொண்ணுக்குத் தைரியம் சொல்ல வேற யாரு இருக்கா இங்க?"

எனவே அவர் மறுபடி நான்கு முனைகளில் இரண்டைப் பிடித்தார். ஒவ்வொரு பெட்ஷீட்டுக்கும் அவள் முகம் கிட்டே வந்தது, விலகியது, மறுபடி வந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு. சீருடைச் சட்டையை முன்பின்னாக மாற்றிப் போட்டிருந்தாள். அவளுக்கு அது தெரியவில்லை. நாள் முழுக்க வார்டு வார்டாக விரிப்பு. இவ்வளவு கட்டில்கள் இந்த ஆஸ்பத்திரியில் இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

இன்று சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துக்கொண்டு ஒரு காலையில் வந்தார். 'எனக்கு அன்னிக்கே சந்தேகம்மா. அந்தாளு முன்னாடி தோத்துடக்கூடாதுன்னு சொல்லிட்டேன்.' பஸ்ஸில் மனப்பாடமே செய்தார். அவள் கிட்டே வந்தாள். அவர் வாயைத் திறந்தார்.

"இன்னும் எவ்வளவு நாள்ணே நடக்கும்?" என்று அவள் முந்திக்கொண்டாள்.

"ரெண்டே வாரம்" என்றது அவர் வாய். "பெரிய நாடுங்க சும்மா விடாதும்மா. பேச்சுவார்த்தைக்கு வந்தே ஆகணும்."

அவள் தலையாட்டினாள். அதை நம்பினாள் என்பதுதான் கொடுமை. யார் அந்தப் பெரிய நாடுகள், யாரோடு யார் பேசப்போகிறார்கள் என்று கேட்டிருந்தால் அவருக்கே தெரியாது.

போன் அன்று மத்தியானம் அடித்தது.

அவள் கையிலிருந்த முனைகள் கீழே விழுந்தன. "என்னங்க! என்னங்க!" என்று கத்திக்கொண்டே ஸ்பீக்கரைப் போட்டாள். எல்லாரும் ஓடி வந்தார்கள். அவன் உயிரோடு இருந்தான். கிடங்கின் நிலவறையில் நாள்கணக்கில் கிடந்திருக்கிறான். மெஷின் சத்தத்தில் குரல் வந்து வந்து போனது, இங்கே பேசுவதும் அங்கே சரியாகக் கேட்கவில்லை. கேட்டதை அவள் ஐ.நா.வுக்குச் சொன்னாள்.

"அண்ணே, கம்பெனி பஸ் வந்து நிக்குதாம். சண்டையில்லாத பக்கத்து எல்லைக்குப் போகுதாம். வழியில அடிக்கறாங்கன்னு பாதிப் பேரு ஏற மாட்டேங்கறாங்களாம். அங்கேயே இருந்தாலும் ஆபத்தாம். ஏறறதா, இருக்கறதா? சீக்கிரம் சொல்லுங்கண்ணே."

"எந்த ஊரும்மா அது?"

"என்னண்ணே?"

"மாப்பிள்ளை இருக்கற ஊரு. பேரு என்ன?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "இத்தனை மாசமா பேசறீங்க. இன்னிக்குத்தான் கேக்கறீங்க."

ஊர்ப் பேரைச் சொன்னாள். அவர் கேள்விப்பட்டதே இல்லை. அந்த நாட்டு அதிபருக்கு மந்திரிமேல் எதனால் கோபம் என்று அவருக்குத் தெரியும். இந்த ஊர் வடக்கா தெற்கா, எல்லைக்கு எவ்வளவு தூரம், சாலை கடலோரமாகப் போகிறதா மலைக்குள் போகிறதா, ஒன்றும் தெரியாது. வழக்கம்போல ஒரு வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. கம்பீரமான வாக்கியம்தான். அதை விழுங்கினார்.

"தெரியலம்மா" என்றார்.

ரோலர்காரர் மெஷினை நிறுத்தினார். வேலை நேரத்தில் அந்த அறை அவ்வளவு அமைதியாக ஒருநாளும் இருந்ததில்லை. போனிலிருந்து வந்த குரல் எல்லாருக்கும் கேட்டது.

"அண்ணனைக் கேட்டியா? அண்ணன் என்ன சொல்றாரு?"

அவள் ஐ.நா.வின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு இன்னிக்கு வேலைக்கு வரலைங்க" என்றாள். "நான் சொல்றேன். ஏறுங்க. ஜன்னலோரமா உக்காராதீங்க."

"அண்ணனை ஒரு வார்த்தை..."

"வரலைன்னு சொல்றேன்ல! ஏறுங்க!"

துணித்தூசி தொண்டையில் ஏறி ஐ.நா.வுக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது. இருமினால் அங்கே கேட்டுவிடும். கையிலிருந்த பெட்ஷீட்டைச் சுருட்டி வாயில் அழுத்திக்கொண்டார். பஸ்ஸின் கதவு சாத்தும் சத்தம் போனில் கேட்கும்வரை, கண்ணில் நீர் தளும்ப, அந்த அறையில் இல்லாமல் நின்றார்.